ஐடில் ஸ்க்ரூவைத் தொடும் முன்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: பழைய கார், நின்ற இடத்தில் இன்ஜின் ஒழுங்காக ஓட மறுக்கிறது. எழுதியவர்களில் பலர் இன்னொன்றையும் சேர்த்திருந்தார்கள். "ஏற்கெனவே ஐடில் ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தாயிற்று." நின்ற வண்டியில் இன்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ அது. அந்த வரியைப் படிக்கும்போதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க ஐடிலிங்குக்கே, அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடுவதற்கே, ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, என்னுடையது 20 வருடப் பழைய பெட்ரோல் கார், ஃப்யூல் இன்ஜெக்ஷன். காலையில் ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஓடுகிறது. இன்ஜின் சூடான பிறகு சிக்னலில் நின்றால், ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே ரேஸ் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கும் 1800 சுற்றுக்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தோம். ஐடில் கன்ட்ரோல் வால்வைப் புதிதாக மாற்றினோம். ஸ்க்ரூவையும் குறைத்துப் பார்த்தார்கள். எதற்கும் அசையவில்லை. அடுத்து கம்ப்யூட்டரை மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். ரேஸ் ஏறி இறங்குவதே அதற்கு அடையாளம்.

எப்படி என்று சொல்கிறேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன், இன்ஜினுக்குக் காற்று விடும் கதவான த்ராட்டில் மூடிக்கொள்கிறது. அப்போது இன்ஜின் உயிரோடு இருக்க ஒரு சின்ன அளவு காற்று போதும். அந்தக் காற்றை அளந்து விடுவதுதான் ஐடில் வால்வின் வேலை. இந்த நேரத்தில் எங்கோ ஒரு பைப் பிளந்து, யாரும் அளக்காத காற்று உள்ளே நுழைகிறது என்று வையுங்கள். ரேஸ் ஏறும். கம்ப்யூட்டர் ஐடில் வால்வை முழுக்க மூடிப் பார்க்கும். அப்படியும் குறையாது, ஏனென்றால் காற்று வருவது அந்த வழியாக இல்லை. ரேஸ் ஏறிக்கொண்டே போய், பல கார்களில் ஏறக்குறைய 1500 சுற்றைத் தாண்டியதும் கம்ப்யூட்டருக்கு வேறு ஒரு எண்ணம் வரும்: "த்ராட்டில் மூடியிருக்கிறது, சுற்று அதிகமாக இருக்கிறது. அப்படியானால் வண்டி இறக்கத்தில் உருண்டுகொண்டிருக்கிறது, பெட்ரோல் வீண்." உடனே இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும். ரேஸ் விழும். இன்ஜின் நின்றுவிடக் கூடாதே என்று மறுபடி பெட்ரோல் கொடுக்கும். திருட்டுக் காற்று இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது, ரேஸ் மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நீங்கள் சிக்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

காலையில் ஏன் வருவதில்லை? குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டரே வேண்டுமென்று ரேஸை உயர்த்தி வைத்து, பெட்ரோலையும் கூடுதலாகக் கொடுக்கிறது. பெட்ரோலை நிறுத்தும் எல்லையும் அப்போது மேலே இருக்கும். லீக் அதற்குள் மறைந்துவிடும். இன்னொரு காரணமும் இருக்கலாம். அதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் தொழில் கற்றுக்கொண்ட நாட்களில் இதே குறையோடு ஒரு கார் வந்தது. மூன்று நாள் பார்த்தேன். இன்ஜினின் உறிஞ்சும் இழுப்பைக் கொண்டுபோகும் வாக்குவம் பைப் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாமே கருகருவென்று புதுசு போல இருந்தன. நான்காம் நாள் என் குரு வந்தார். டார்ச்சை வாங்கவில்லை. இன்ஜினை நிறுத்தச் சொல்லி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் கையை விட்டு, இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை மறுபடி மேனிஃபோல்டுக்கு அனுப்பும் பிசிவி வால்விலிருந்து வரும் முழங்கை மாதிரி வளைந்த பைப்பின் அடிப்பக்கத்தைச் சுண்டுவிரலால் தடவினார். என் விரலையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். மேல்பக்கம் கெட்டியாக இருந்த ரப்பர், அடியில் ஊறிப்போய் பிசுபிசுவென்று மெத்தை மாதிரி இருந்தது. வளைவின் உட்புறத்தில் ஒரு நகம் நுழையும் அளவுக்குப் பிளவு. வருடக்கணக்கில் எண்ணெய் ஆவி பட்டுப் பட்டு ரப்பர் அப்படியாகிவிடும். குளிர்ந்திருக்கும்போது பிளவின் இரண்டு உதடும் ஒட்டிக் கிடக்கின்றன. சூட்டில் ரப்பர் தளர்ந்ததும் வாய் திறந்துகொள்கிறது. அன்றிலிருந்து நான் பைப்பைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. தடவித்தான் பார்க்கிறேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். இன்ஜின் ஆஃப், சாவி வெளியே, எல்லாம் ஆறிய பிறகு. முதலில் பிசிவி பைப்பும் அதன் வளைவுகளும். அடுத்து, பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த பைப். அப்புறம் மேனிஃபோல்டில் செருகியிருக்கும் சின்னச் சின்ன பைப்புகள், முக்கியமாக அவற்றின் நுனி. நுனியில் ரப்பர் விரிந்து லூசாகியிருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி செருகினாலே சில சமயம் குறை போய்விடும். பயன்படுத்தாத முனையை மூடியிருக்கும் ரப்பர் தொப்பிகளை மறக்காதீர்கள். அவைதான் முதலில் வெடிக்கும், அவற்றைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கலாம். வண்டி திறந்தவெளியில் நிற்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தொங்கும் துணி, சங்கிலி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எந்த நிமிடமும் தானாகச் சுற்றும். இப்போது ஒரு மீட்டர் நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாகக் கொண்டுபோங்கள். லீக் உள்ள இடத்தில் "ஸ்ஸ்" என்று காதுக்குள்ளேயே கேட்கும். ரப்பர் பைப்புகளை மெல்ல நசுக்கியும் பார்க்கலாம். எந்த பைப்பை நசுக்கும்போது ரேஸ் இறங்கி அமைதியாகிறதோ, குறை அந்தப் பாதையில் இருக்கிறது.

மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டரின் ஓ-ரிங் இவற்றில் சந்தேகம் இருந்தால் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து இணைப்பின் மேல் லேசாக அடியுங்கள். லீக் இருந்தால் தண்ணீர் அதை ஒரு கணம் அடைக்கும், ரேஸ் மாறும். பலர் இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பார்கள். கண்டுபிடிக்க அது இன்னும் சுலபம் என்பது உண்மைதான். ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்திலேயே இருக்கிறது, பழைய பிளக் வயர்களில் தீப்பொறி கசியும். வீட்டில் செய்பவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் தண்ணீரும் வேண்டாம்.

லீக்கை அடைத்த பிறகு, திருகிய ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பேட்டரியைக் கழற்றியிருந்தால் முதல் சில நிமிடம் ஐடில் கொஞ்சம் தடுமாறும். பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டர் புதிதாகக் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொடுக்கும் முறை உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

கேள்வி: வாக்குவம் பைப் கழன்றால் ரேஸ் ஏறும் என்கிறார்கள். ஆனால் அப்படிக் கழன்ற என் நண்பரின் காரில் ரேஸ் ஏறவில்லை, தள்ளாடி ஆஃப் ஆகிவிட்டது. ஒரே குறைக்கு ஏன் இரண்டு விதம்?

பதில்: நல்ல கேள்வி. காற்றை அளக்கும் முறை காருக்குக் கார் வேறு. சில கார்களில் ஏர் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே ஒரு சென்சார், உள்ளே போகும் காற்றை அளக்கும். அதைத் தாண்டி நடுவில் நுழையும் காற்று அந்தக் கணக்கில் வராது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, இன்ஜின் தள்ளாடும். வேறு சில கார்களில் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளப்பார்கள். அங்கே காற்று எந்த வழியாக வந்தாலும் அழுத்தம் கூடும். கம்ப்யூட்டர் அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுத்துவிடும், ரேஸ் ஏறும். ஏர் ஃபில்டர் பக்கத்து சென்சார் உள்ள காராக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதைச் சுத்தம் செய்ய அதற்கென்று விற்கும் கிளீனரை மட்டுமே அடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் கம்பி மிக மெல்லியது, துணி படக் கூடாது.

கேள்வி: என் அப்பா வைத்திருந்த கார்புரேட்டர் காரை நான் ஓட்டுகிறேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆஃப் ஆகிக்கொண்டிருந்தது. சோக்கை இழுத்தால் மட்டும் நிற்காமல் ஓடும். மெக்கானிக் ஸ்க்ரூவைக் கூட்டி வைத்துக் கொடுத்தார். இப்போது ஆஃப் ஆவதில்லை, ஆனால் 1300, 1400-ல் கத்துகிறது. சாவியைத் திருப்பி நிறுத்தினாலும் இரண்டு மூன்று விநாடி உதறிக்கொண்டே ஓடுகிறது. இது சரிதானா?

பதில்: சரி இல்லைம்மா. வண்டிக்கு இருந்த நோய் அப்படியே இருக்கிறது, அதன் மேல் ஒரு போர்வை போட்டிருக்கிறார்கள்.

சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டுவது. அதை இழுத்தால் ஓடுகிறது என்றால், ஐடிலில் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். கார்புரேட்டரில் ஐடிலுக்கென்று தனியாக ஒரு நுண்ணிய பாதை உண்டு. அதன் வாசலில் உட்கார்ந்திருப்பது ஸ்லோ ஜெட், பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு. தலைமயிர் அளவுக்கு ஒரு தூசி போதும், அது அடைந்துவிடும். மெயின் ஜெட் வேறு பாதை என்பதால் ரோட்டில் ஓடும்போது எந்தக் குறையும் தெரியாது. காலை எடுத்தால்தான் தெரியும். உங்கள் கதை அப்படியே இதுதான்.

ஸ்க்ரூவைக் கூட்டியதும் ஏன் ஓடியது? த்ராட்டிலின் விளிம்புக்குச் சற்று மேலே வரிசையாகச் சில சின்னத் துளைகள் இருக்கும். ஐடிலிலிருந்து வேகத்துக்கு மாறும்போது தடுமாறாமல் இருக்க அவை பெட்ரோல் கொடுக்கும். ஸ்க்ரூ த்ராட்டிலைத் திறந்து பிடித்ததும் விளிம்பு அந்தத் துளைகளைத் தாண்டி நின்றுவிட்டது. இன்ஜின் இப்போது அவற்றிலிருந்து உறிஞ்சிப் பிழைக்கிறது. இந்த நிலையில், ஐடிலில் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதை வைத்தே "கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்" என்று அடுத்தவர் சொல்வார். சாவியை எடுத்த பிறகும் ஓடுவதும் இதனால்தான். த்ராட்டில் திறந்தே நிற்பதால் காற்றும் பெட்ரோலும் உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன. பற்றவைக்கப் பிளக்கே தேவையில்லை, உள்ளே கனன்று கிடக்கும் கார்பனே போதும்.

முதலில் ஒரு எளிய சோதனை. உங்கள் கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு ஒயர் போகும் சின்ன சிலிண்டர் போன்ற சாதனம் இருக்கிறதா பாருங்கள். அது ஐடில் கட்-ஆஃப் சாலினாய்டு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, அந்த ஒயரைக் கழற்றி மாட்டுங்கள். "டிக்" என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கரண்ட் வரவில்லை, அல்லது சாலினாய்டு செத்துவிட்டது. ஐடில் பாதைக்கு அதுதான் கதவு, கதவு மூடியே இருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

டிக் சத்தம் வருகிறது என்றால் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டமாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். கிளீனர் அடித்து, காற்று விட்டு ஊதலாம். கம்பி விட்டுக் குத்த மட்டும் விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை ஒரு தடவை பெரிதாகிவிட்டால் ஜெட் வீண்.

பிறகுதான் ஸ்க்ரூ. சூடான இன்ஜின், ஏர் ஃபில்டர் மாட்டிய நிலை. மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, தொட்டவுடன் நிறுத்த வேண்டும். இறுக்கினால் ஊசி முனை வளைந்துவிடும். அங்கிருந்து ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடில் ஸ்க்ரூவால் 800 பக்கம் கொண்டுவாருங்கள். மிக்ஸ்சரைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, இன்ஜின் எங்கே வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். ரேஸ் ஏறியிருந்தால் ஐடில் ஸ்க்ரூவில் குறைத்துவிட்டு, மிக்ஸ்சரை இன்னொரு முறை சரிபாருங்கள். மிக்ஸ்சரைத் திருகும்போது இன்ஜின் பதில் சொல்கிறது என்றால் ஐடில் பாதை திறந்துவிட்டது என்று நம்பலாம்.

இவ்வளவு செய்தும் பிடிபடவில்லை என்றால் த்ராட்டில் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த இடைவெளியில் காற்று இழுக்கிறது. கார்புரேட்டரின் அடி கேஸ்கெட்டும் அப்படித்தான். இன்னொரு விஷயம், எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காலத்து ரப்பரையும் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும். பெட்ரோல் பைப் பழையது என்றால் இதோடு அதையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் 1400-ல் ஓடி, சில நிமிடத்தில் தானாக 800-க்கு வந்துவிடுகிறது. இதைச் சரிசெய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது அப்படித்தான் ஓட வேண்டும். சூடான பிறகும் இறங்காவிட்டால் மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: ஏசி போட்டால் இன்ஜின் ஆஃப் ஆகிறது. ஏசி இல்லாமல் ஓரளவு ஓடுகிறது.

பதில்: "ஓரளவு" என்று எழுதியிருக்கிறீர்களே, குறை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. ஏசி கம்ப்ரஸர் பிடிக்கும் நேரத்தில் இன்ஜின் மேல் சட்டென்று சுமை ஏறும். அதை ஈடுகட்ட ஐடில் வால்வோ, பழைய கார்களில் தனியான ஐடில்-அப் சாதனமோ கொஞ்சம் காற்றைக் கூட்டிக் கொடுக்கும். அதில் கார்பன் பிடித்துப்போனால் அசையாது. ராத்திரி ஹெட்லைட் போட்டாலும், நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தாலும் ரேஸ் தணிகிறதா பாருங்கள். தணிந்தால் சந்தேகமே வேண்டாம். த்ராட்டிலின் விளிம்பில் படிந்திருக்கும் கறுப்பு வளையத்தைத் துடைத்து, ஐடில் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். வால்வின் ஊசியைக் கையால் அழுத்தவோ இழுக்கவோ கூடாது. பேட்டரி முனைகளில் வோல்டேஜையும் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் இருப்பது நல்லது.

கேள்வி: மீட்டரில் முள் 750-ல் ஆடாமல் நிற்கிறது. ஆனால் ஆட்டோமேட்டிக் கியரை டி-யில் போட்டு பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங், சீட் எல்லாம் அதிர்கிறது. நியூட்ரலில் குறைந்துவிடுகிறது. டியூனப் இரண்டு முறை செய்தாயிற்று.

பதில்: மூன்றாவது முறை செய்யாதீர்கள். முள் ஆடவில்லை, நியூட்ரலில் குறைகிறது என்றால் நான் முதலில் இன்ஜினைத் தாங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும் மவுண்டுகளைத்தான் பார்ப்பேன். பானெட்டைத் திறந்து வையுங்கள். காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்க வேண்டாம். நீங்கள் பிரேக்கை முழுக்க அழுத்திப் பிடித்து டி, நியூட்ரல், ஆர் என்று மாற்றுங்கள். இன்னொருவர் பக்கவாட்டில் விலகி நின்று இன்ஜினைப் பார்க்கட்டும். கொஞ்சம் சாய்வது இயல்பு. எகிறிக் குதித்தால் மவுண்ட் போய்விட்டது. சில மவுண்டுகளில் உள்ளே எண்ணெய் இருக்கும். அது வெளியே கசிந்து கறை பட்டிருந்தால் சோதனையே தேவையில்லை.

கேள்வி: நான் மாணவன். பழைய கார் ஒன்றை வாங்கி, என் கையாலேயே சரிசெய்யக் கற்றுக்கொள்கிறேன். ஐடிலில் மட்டும் ஒரே தாளத்தில் மிஸ் அடிக்கிறது. பிளக், பிளக் வயர் எல்லாம் புதிது. வேகத்தில் நன்றாக ஓடுகிறது. முதலில் வாங்க வேண்டிய ஒரு கருவியைச் சொல்லுங்கள்.

பதில்: வாக்குவம் கேஜ். இன்ஜின் காற்றை எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்று காட்டும் மீட்டர் அது. உன் கடிதம் எனக்கு ரொம்பச் சந்தோஷம், தம்பி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேனிஃபோல்டில் நேரடியாகச் சேரும் ஒரு பைப் முனையில் அதை மாட்டு. நல்ல இன்ஜின் சூடான ஐடிலில் 17-லிருந்து 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும், முள் அசையாது. மலைப்பகுதியில் இருந்தால் 1000 அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் குறைத்துக் கணக்கிடு. முள் அசையாமல், ஆனால் 12, 13-ல் தாழ்ந்து நின்றால் காற்று லீக், அல்லது இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறது. மெதுவாக மிதந்து மிதந்து ஆடினால் மிக்ஸ்சர். 2500-ல் பிடித்து வைத்திருக்கும்போது முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் பக்கம் அடைப்பு.

உன் விஷயத்தில் முள் ஒரே தாளத்தில், இரண்டு மூன்று அங்குலம் "டக், டக்" என்று விழுந்து எழும் என்று எதிர்பார்க்கிறேன். ஒரே ஒரு சிலிண்டர் தன் பங்கைக் கொடுக்கவில்லை என்பதன் அடையாளம் அது. எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, இன்ஜெக்ஷன் காராக இருந்தால் ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டு. எதைக் கழற்றும்போது இன்ஜின் கண்டுகொள்ளவே இல்லையோ அதுதான். ஓடும் இன்ஜினில் பிளக் வயரைக் கையால் பிடுங்காதே. ஷாக் அடிக்கும் என்பது மட்டுமல்ல, எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூலும் கெட்டுவிடலாம்.

சிலிண்டர் தெரிந்ததும் கம்ப்ரெஷன் பார், அதாவது அது காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அள. மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் வால்வை இயக்கும் டாப்பெட்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டால் அள. பழைய இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி ஓடி ஓடிச் சுருங்கும். வால்வ் முழுக்க உட்காராமல் மயிரிழை திறந்தே இருக்கும். வேகத்தில் கசிய நேரம் இல்லாததால் குறை மறைந்துவிடும். இதைத் தள்ளிப்போடாதே. வால்வ் தன் சூட்டைப் பெரும்பாலும் தணித்துக்கொள்வதே சீட்டில் உட்காரும் அந்த நொடியில்தான். உட்காராத வால்வ் எரிந்துவிடும். எத்தனை மில்லிமீட்டர், சூடாகவா குளிர்ந்தா என்பதை உன் இன்ஜினின் புத்தகத்தைப் பார்த்தே வை.

கம்ப்ரெஷன் எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரையும், மேனிஃபோல்டில் அதற்குப் போகும் கிளையின் கேஸ்கெட்டையும் பார். எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே விடும் ஈஜிஆர் வால்வ் இன்ஜினில் இருந்தால் அது முழுக்க மூடுகிறதா என்றும் பார்த்துவிடு. கார்பன் சிக்கித் திறந்தே நின்றால் எரிந்த புகை ஐடிலில் உள்ளே வந்து எல்லா சிலிண்டரையும் திணறடிக்கும்.

முள் எப்படி ஆடுகிறது என்று பார்த்து, அடுத்த மாதத்துக்குள் எழுது. எத்தனை அங்குலத்தில் நிற்கிறது, எவ்வளவு விழுகிறது, ரேஸைக் கூட்டினால் என்ன ஆகிறது, மூன்றையும் குறித்து அனுப்பு.